வயிற்றுக் குழாயின் கதை: குர்துபா முதல் கண்டி கிளினிக் வரை

இது நீளமான பதிவு. கடையில் நின்றுகொண்டு வாசிக்காமல், இரவில் சாப்பிட்டு முடித்து ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் சீனி வருத்தமோ பிரஷரோ உள்ளவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நமது மாணவி ஒருத்தியின் வாப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது. பெயர் வேண்டாம். இதை எழுதுவதற்கு அவரிடமும் வீட்டாரிடமும் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டோம். கண்டியில் வைத்தியர் அவருக்கு இரண்டு வழி சொல்லியிருக்கிறார். ஒன்று, கிழமைக்கு மூன்று தடவை போய் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்வது. மற்றது, வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்து, அதன் வழியாக வீட்டிலேயே தண்ணீர் மாற்றிச் சுத்தம் செய்வது. வட்டவளையில் இருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிக் கண்டிக்குப் போய், நாலு மணித்தியாலம் மெஷினில் படுத்து, திரும்பி வர ஒரு முழு நாள். அப்படிக் கிழமைக்கு மூன்று நாள். கூட ஒரு ஆளும் போக வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு விழுந்தால் பாதையும் இல்லை, ரயிலும் இல்லை. அப்படிப் பார்த்தால் இரண்டாவது வழிதான் அவருக்குப் பொருத்தம். ஆனால் அவர் மாட்டேன் என்கிறார்.

காரணம் கேட்டோம். வேறொரு தோட்டத்தில் ஒருவருக்கு இந்தக் குழாய் வைத்தார்களாம். முதலில் தண்ணீர் உள்ளே போனதாம், வெளியே வரவில்லையாம். பிறகு ஓட்டையில் சீழ் பிடித்ததாம். மூன்றே மாதத்தில் கழற்றிவிட்டார்களாம். "வயித்துல ஓட்ட போட்டா ஆள் தங்காது சேர்" என்று நம்மிடமே சொன்னார். அந்த மனிதருக்கு எங்கே, யார் வைத்தது என்று நமக்குத் தெரியாது. அதைத் தோண்டுவதும் நமது வேலையல்ல. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. குழாய் அடைபடும், ஓரத்தால் கசியும், கிருமி பிடிக்கும், நுனி இடம் மாறும். இந்தச் சிகிச்சை தொடங்கிய நாள் முதல் வைத்தியர்களைத் தூங்கவிடாமல் வைத்த பிரச்சினைகள் இவைதான். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் அல்லது இன்னொருவர் ஒரு கைவேலை கண்டுபிடித்திருக்கிறார். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறோம். நாம் வைத்தியர்கள் அல்லர், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்கள். வாசித்ததைச் சொல்கிறோம்; முடிவை அவரவர் தங்கள் வைத்தியரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொள்வோம். தேயிலைப் பையைச் சுடுதண்ணீரில் போட்டால் சாயம் வெளியே வருகிறது, தூள் உள்ளேயே நிற்கிறது. பையின் கண்கள் சிறியதை விடும், பெரியதை மறிக்கும். நமது வயிற்றுக்குள் குடலையும் வயிற்றுச் சுவரையும் மூடிக்கொண்டு ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. விரித்தால் ஏறத்தாழ உடம்புத் தோலின் அளவு வரும். அதில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைய. வயிற்றுக்குள் சீனி கலந்த சுத்தமான கரைசலை இரண்டு லீற்றர் அளவில் விட்டு நாலைந்து மணித்தியாலம் வைத்தால், இரத்தத்தில் உள்ள கழிவுகள் சவ்வைத் தாண்டித் தண்ணீருக்குள் வரும். சீனி, உடம்பில் கூடிய நீரையும் இழுத்தெடுக்கும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதிதாக விட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. ஒரு தடவைக்கு அரை மணித்தியாலம் போதும். மெஷின் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். வேண்டியது ஒரு நல்ல வழி, அதாவது குழாய். அந்த வழி கெட்டால் எல்லாம் கெட்டது.

வயிற்றைத் துளைத்துத் தண்ணீர் எடுப்பது புதிய காரியம் அல்ல. மகோதரம் என்று நம் பக்கத்தில் சொல்லும் வயிற்று நீர் வீக்கத்துக்கு, சுஸ்ருதரின் நூலிலேயே தொப்புளுக்குக் கீழே இடப்பக்கத்தில் துளைத்துக் குழாய் வைத்து வடிக்கும் முறை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்கக் கூடாது, நாள் விட்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு.

நமது பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டிய பெயர் ஒன்று: அபுல் காஸிம் அல்-ஸஹ்ராவி. ஸ்பெயினில் குர்துபா நகரத்துக்குப் பக்கத்தில் மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர். ஏறத்தாழ 1013இல் மௌத்தானார். 30 பாகங்கள் கொண்ட கிதாபுத் தஸ்ரீபின் கடைசிப் பாகம் முழுவதும் சத்திரசிகிச்சை. கருவிகளின் படங்களையும் வரைந்து வைத்திருக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் தொலிதோ நகரில் அது இலத்தீனுக்குப் போய், பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய சத்திரசிகிச்சைக்குப் பாடநூலாக இருந்தது. 'நம்மவர்கள் எல்லாவற்றையும் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று பெருமையடித்துத் தூங்கிவிடும் வழக்கம் நமக்குள் இருக்கிறது. அதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய கைவேலை இன்றைய விஷயத்துடன் நேரடியாகத் தொடர்புபடுவதால் சொல்கிறோம்.

வயிற்று நீரை எடுக்க அவர் சொல்லும் முறை இது. தொப்புளுக்குக் கீழே மூன்று விரல் இடம்விட்டுத் தோலை வெட்ட வேண்டும். வெட்டிய இடத்திலேயே நேராக உள்ளே குத்தக் கூடாது. தோலுக்கும் உள் சவ்வுக்கும் இடையே கத்தியைக் கொஞ்சம் நகர்த்தி, ஒரு நகத்தின் அளவு பிரித்துவிட்டு, அதன் பிறகுதான் சவ்வைத் துளைக்க வேண்டும். அப்படியென்றால் வெளி ஓட்டையும் உள் ஓட்டையும் ஒன்றுக்கு நேரே ஒன்று வராது. குழாயை எடுத்தவுடன் தோல் பழைய இடத்துக்கு வந்து ஓட்டையை மூடிக்கொள்ளும், தண்ணீர் கசியாது. இந்த முறை அவருக்கு முந்திய கிரேக்க வைத்தியர் பவுல் என்பவரின் நூலிலும் இருக்கிறது. அவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அல்-ஸஹ்ராவியின் குழாய் வெள்ளியாலோ செம்பாலோ பித்தளையாலோ ஆனது, வழுவழுப்பாக மெருகிட்டது. அடியில் ஒரு சிறு ஓட்டை, பக்கங்களில் மூன்று ஓட்டை. ஒரு ஓட்டை அடைத்தாலும் மற்றதால் வரட்டும் என்றுதான் பக்க ஓட்டை என்று நாம் விளங்கிக்கொள்கிறோம். நேர்க்கோட்டில் துளைக்காதே, பக்க ஓட்டை வை: ஆயிரம் வருடத்துக்கு முந்திய இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று கண்டியில் வைக்கும் குழாயிலும் இவை இரண்டும் இருக்கின்றன.

இடையில் ஒரு வேடிக்கை. 1744இல் இங்கிலாந்தின் ட்ரூரோ ஊரில் கிறிஸ்டோபர் வாரிக் என்ற சத்திரவைத்தியர் ஒரு பெண்ணின் வயிற்று நீரை வடித்துவிட்டு, பிரிஸ்டல் ஊற்றுத் தண்ணீரையும் வைனையும் பாதிக்குப் பாதி கலந்து வயிற்றுக்குள் ஊற்றினார்! அவருக்கு மயக்கம் போட்டது, ஆனாலும் பிழைத்துக்கொண்டார். இதைக் கேட்ட ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், ஒரு குழாயால் உள்ளே விட்டு இன்னொன்றால் வெளியே எடுத்தால் நல்லதல்லவா என்று யோசனை சொன்னார். அவர்கள் யாரும் சிறுநீரகத்தை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் வயிற்றைக் கழுவலாம் என்ற எண்ணம் அங்கே விழுந்துவிட்டது.

சிறுநீரகம் பழுதானவருக்கு இதைச் செய்து பார்த்தவர் ஜெர்மனியின் கேயோர்க் கன்டர், 1923இல். முதலில் விலங்குகளில் செய்தார். பிறகு, புற்றுநோயால் சிறுநீர்ப் பாதை அடைபட்ட ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் உப்புக் கரைசல் விட்டுப் பார்த்தார். கொஞ்சம் தெளிவு வந்தது. அவ்வளவுதான். 1946இல் அமெரிக்காவின் பொஸ்டனில் ஃபைன், ஃபிராங்க், செலிக்மன் என்ற மூவர் திடீரென்று சிறுநீரகம் நின்றுபோன ஒருவரை இந்த முறையால் காப்பாற்றினார்கள். ஹேல்ஸ் சொன்னது போலவே ஒரு குழாயால் உள்ளே, மற்றதால் வெளியே, நிற்காத ஓட்டம். ஆனால் வேறு நோயாளிகளுக்குக் கிருமி புகுந்தது. கண்ணாடியும் இறப்பரும் உலோகமுமான தடித்த குழாய்கள். ஓரத்தால் கசியும், அடிக்கடி அடைக்கும். சில நாட்களுக்கு மேல் தாங்காது.

1950களில் டலஸ் நகரில் கிரோல்மன் பிளாஸ்டிக் குழாய்க்கு மாறினார். ஓடிக்கொண்டே இருக்கத் தேவையில்லை, விட்டு வைத்துப் பிறகு வடித்தால் போதும் என்றும் காட்டினார். 1959இல் மக்ஸ்வெல் நுண்ணிய ஓட்டைகள் நிறைந்த நைலோன் குழாயைக் கொண்டுவந்தார். இது திடீர் நோய்க்குச் சரி. சிறுநீரகம் திரும்பவும் வேலை செய்யத் தொடங்கும் வரை இரண்டு மூன்று நாள் தாங்கினால் போதும். நமது மாணவியின் வாப்பாவைப் போல, இனி வாழ்நாள் முழுவதும் தேவைப்படுகிறவருக்கு?

அதற்கான விடை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தது. அங்கே போயன் என்ற வைத்தியர், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் குத்துவது நிரந்தரமாக ஒரு குழாயை விட்டுவைப்பதைவிடப் பாதுகாப்பு என்ற முடிவுக்கு வந்தார். அவருடன் வேலை செய்த ஹென்றி டென்கொஃப் அதை வீட்டிலேயே செய்து பார்த்தார். 1965இல் எழுதிய கட்டுரையில் அதன் ஒரு வருட அனுபவம் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: ஒவ்வொரு சுத்திகரிப்புக்கும் வைத்தியர் நோயாளியின் வீட்டுக்குப் போக வேண்டும், வயிற்றில் குத்திக் குழாய் வைக்க வேண்டும். பிறகு நோயாளியும் வீட்டாரும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள். நோயாளிக்கும் பாடு, வைத்தியருக்கும் பாடு. எத்தனை பேருக்கு அப்படிச் செய்ய முடியும்? தேவை ஒரு நிரந்தரமான வழி, ஆனால் கிருமி நுழையாத வழி.

1964இலேயே கனடாவின் பால்மரும், சியாட்டிலின் பொறியியலாளர் வேய்ன் குவின்டனும் சிலிகோன் குழாய் ஒன்றைச் செய்திருந்தார்கள். சிலிகோன் மென்மையானது, உடம்பு அதை எதிர்ப்பது குறைவு. அதை நேராக வெளியே கொண்டுவராமல் தோலுக்குக் கீழே நீண்ட சுரங்கம் போலக் கொண்டுபோய், தள்ளி ஓர் இடத்தில் வெளியே எடுத்தார்கள். அல்-ஸஹ்ராவி நகத்தளவு நகர்த்தியதை இவர்கள் பல சென்றிமீற்றர் நகர்த்தினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கிருமிக்குப் போக வேண்டிய தூரம் கூடியது. ஆனாலும் குழாய் வழுவழுப்பானது, அதன் ஓரமாக ஊர்ந்து போகலாம்.

1968இல் டென்கொஃப், ஷெக்டருடன் சேர்ந்து அந்தக் குழாயில் இரண்டு இடத்தில் டெக்ரோன் துணியால் பட்டி கட்டினார். டெக்ரோன் என்றால் நமது சட்டைத் துணியில் இருக்கும் அதே பொலியெஸ்டர் வகைதான், கம்பளி போலப் பஞ்சாக்கியது. ஒரு பட்டி ஆழத்தில், வயிற்றுச் சவ்வுக்குப் பக்கத்தில். மற்றது தோலுக்குக் கொஞ்சம் உள்ளே. சில கிழமைகளில் உடம்பின் சதை அந்தப் பஞ்சுக்குள் வளர்ந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். குழாய் ஆடாது, கழன்று வராது, ஓரத்தால் தண்ணீர் வெளியே கசியாது, வெளியே உள்ள கிருமி உள்ளே ஊர முடியாது. கதவுக்குக் கதவு என்பது போல இரண்டு தடை. இது வந்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. இன்றும் உலகம் முழுவதும் வைக்கும் குழாய்களில் பெரும்பான்மை டென்கொஃப் குழாயோ அதன் பிள்ளைகளோதான். இவ்வளவு எளிய ஒரு பொருள் இவ்வளவு காலம் நிலைத்தது நமக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

குழாய் வந்த பிறகுதான் மற்றதெல்லாம். 1976இல் டெக்சாஸ் மாநிலம் ஒஸ்டின் நகரில் மொன்கிரிஃப் என்ற வைத்தியரும் பொப்போவிச் என்ற பொறியியலாளரும், இரண்டு லீற்றராக நாளைக்கு ஐந்து தடவை மாற்றினால் மெஷினே தேவையில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தை மாநாட்டுக்காரர்கள் முதலில் நிராகரித்தார்கள்! அடுத்து தொரொன்டோவில் ஒரியோபுலோஸ் கண்ணாடிப் போத்தலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். போத்தலைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் கிருமி போகும். பையை மடித்து உடுப்புக்குள் வைத்துக்கொள்ளலாம். இத்தாலியில் புவொன்கிறிஸ்தியானி 'வை' எழுத்து மாதிரியான இணைப்பைச் செய்தார். புதிய கரைசலை உள்ளே விட முதல் இணைப்பில் பட்டிருக்கக்கூடிய கிருமியை வெளியே கழுவித் தள்ளிவிடும் முறை அது. வயிற்றுக்குள் கிருமி பிடிப்பது அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது. தமிழ்நாட்டுக்கும் இது வந்தது. இந்தியாவில் வீட்டிலிருந்தே செய்யும் இந்த முறை 1991இல் தொடங்கியது. அதன் முன்னோடிகளில் ஒருவர் தொரொன்டோவில் பயிற்சி பெற்றுச் சென்னைக்குத் திரும்பிய வைத்தியர் ஜோர்ஜி ஆபிரகாம். நம் நாட்டில் சிறுநீரக வைத்தியத்துக்கு வழிபோட்டவர் பேராசிரியர் ரெஸ்வி ஷெரிப். 1985இல் கொழும்பில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை தொடங்கியதில் அவருடைய பங்கு எல்லோருக்கும் தெரியும். பிறகு அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து விவசாயிகளைத் தாக்கிய சிறுநீரக நோய் முழு நாட்டையுமே இந்த விஷயத்தில் விழிக்கவைத்தது. 2021இல் பொலன்னறுவையில் தனிச் சிறுநீரக வைத்தியசாலையே திறந்தார்கள்.

சரி, டென்கொஃப் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார் என்றால் அந்தத் தோட்டத்து மனிதருக்கு ஏன் அடைத்தது? இங்கேதான் சத்திரசிகிச்சையின் நுணுக்கம் வருகிறது. பொருள் ஒன்றுதான். வைக்கும் கைதான் வேறு.

குர்பான் கொடுத்த ஆட்டின் வயிற்றைத் திறக்கும்போது பார்த்திருப்பீர்கள். குடலின் மேலே வலை போல வெள்ளைக் கொழுப்புத் திரை ஒன்று தொங்கும். மனிதனுக்கும் அது உண்டு. வயிற்றுக்குள் எங்கே புண் வந்தாலும், எங்கே அந்நியப் பொருள் வந்தாலும் அது போய்ச் சுற்றிக்கொள்ளும். அல்லாஹ் நமது பாதுகாப்புக்காக வைத்த படைப்பு. ஆனால் அதற்குக் குழாயும் அந்நியப் பொருள்தான். போய்ச் சுற்றிப் பக்க ஓட்டைகளுக்குள் நுழைந்துகொண்டால் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. அந்த மனிதருக்கு நடந்தது இதுவாகவும் இருக்கலாம். இதற்கு முற்காலத்தில் அந்தத் திரையில் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தார்கள். இப்போது, அது அடிவயிறு வரை நீண்டு தொங்கினால், மேலே தூக்கி வயிற்றுச் சுவரில் ஒரு தையல் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். ஜன்னல் திரையைத் தூக்கிக் கட்டுவது மாதிரி.

இரண்டாவது, நுனி இடம் மாறுவது. குழாயின் நுனி அடிவயிற்றின் பள்ளத்தில் இருக்க வேண்டும், அங்கேதான் தண்ணீர் தேங்கும். ஆனால் சிலிகோனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நேரான குழாயை வளைத்து வைத்தால் அது நிமிரப் பார்க்கும். நிமிர்ந்தால் நுனி மேலே ஏறிவிடும், அல்லது வெளிப்பட்டி தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தள்ளும். மிசூரியின் ட்வர்தொவ்ஸ்கி என்ற வைத்தியர் 1985இல் செய்தது மிக எளிது. குழாயை வார்க்கும்போதே வளைவாக வார்த்துவிட்டார், அன்னத்தின் கழுத்து மாதிரி. உள் நுனியும் கீழே பார்க்கும், வெளி வாயும் கீழே பார்க்கும், எதுவும் நிமிர முயலாது. வெளி வாய் கீழே பார்ப்பதில் இன்னொரு நன்மை: வியர்வையும் அழுக்கும் மழைத் தண்ணீரும் ஓட்டைக்குள் வடியாது. வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நமது கூரைத் தகரத்தை எந்தப் பக்கம் சரிக்கிறோம்? இன்றைய வழிகாட்டல்கள் வாய் கீழேயோ பக்கவாட்டிலோ பார்க்கலாம், மேலே பார்க்கவே கூடாது என்கின்றன.

மூன்றாவது, துளைக்கும் இடம். வயிற்றின் நடுக்கோட்டில் தசை இல்லை, வெறும் நார்தான். அங்கே துளைத்தால் இலேசு, ஆனால் கசியும், குடல் பிதுங்கவும் இடம் கொடுக்கும். அதனால் நடுவிலிருந்து கொஞ்சம் விலகி, நீளத் தசைக்குள் துளைத்து உள்பட்டியைத் தசைக்குள்ளேயே அமர்த்துகிறார்கள். அதையும் தாண்டி, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸில் ஜோன் கிராப்ட்ரீ என்ற சத்திரவைத்தியர், லெப்ரொஸ்கோப் என்று சொல்லும் சிறு கமராவால் வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டே, குழாயைத் தசையின் உறைக்குள் சில சென்றிமீற்றர் தூரம் சரிவாகக் கீழ்நோக்கி ஓட்டிவிட்டுப் பிறகு வயிற்றுக்குள் விட்டார். சுரங்கமே குழாயின் தலையைப் பிடித்துக் கீழே திருப்பி வைத்திருக்கும். அதோடு கொழுப்புத் திரை நீளமாயிருந்தால் தூக்கிக் கட்டினார், பழைய ஒட்டல்கள் இருந்தால் பிரித்துவிட்டார். 2005இல் அவர் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். பழைய முறையில் திறந்து வைத்தவர்களில் 17.5 வீதம் பேருக்குக் குழாய் அடைபட்டது. கமராவால் பார்த்து, ஆனால் இந்தக் கைவேலைகள் எதுவும் செய்யாமல் வைத்தவர்களில் 12.5 வீதம். எல்லாம் செய்து வைத்த 200 பேரில் 0.5 வீதம், அதாவது ஒரே ஒருவர். கமரா மட்டும் வைத்ததால் பெரிதாக எதுவும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். இதைச் சொல்வது அவருடைய சொந்த நோயாளிகளின் கணக்கு, எல்லா இடத்திலும் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. எல்லா வைத்தியசாலையிலும் அந்த வசதியும் இல்லை. ஆனால் அடைப்பு என்பது விதி அல்ல, பெரும்பாலும் தடுக்கக்கூடியது என்பது தெரிகிறது.

மொன்கிரிஃபும் பொப்போவிச்சும் 1993இல் இன்னொரு யோசனையும் சொன்னார்கள். குழாயை வைத்துவிட்டு வெளி நுனியையும் தோலுக்குள்ளேயே புதைத்துவிடுவது. பட்டிகளுக்குள் சதை வளரும் வரை வெளியே ஓட்டையே இல்லை, கிருமிக்கு வழியும் இல்லை. தேவைப்படும் நாளில் ஒரு சிறு வெட்டுப் போட்டு நுனியை வெளியே எடுத்தால் சரி. நோய் முற்ற முதலே திட்டமிடுகிறவர்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும். நம் ஊரில் கடைசி நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு இதைச் செய்ய முடியாது. கிளினிக்குக்கு நேரத்தோடு போங்கள் என்று நாம் கத்துவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

இனி, நமக்கு மிகவும் பிடித்த பகுதி. வெளி வாய் எங்கே வர வேண்டும்? இதைச் சத்திரசிகிச்சை மேசையில் படுத்த பிறகு முடிவு செய்யக் கூடாது, முதலே நோயாளியை உட்காரவைத்தும் நிற்கவைத்தும் பார்த்துப் பேனையால் அடையாளம் போட வேண்டும் என்று 2019இல் வந்த சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது. படுத்திருக்கும்போது வயிறு ஒரு மாதிரி, உட்கார்ந்தால் மடிப்பு விழுந்து இன்னொரு மாதிரி. மடிப்புக்குள் வாய் வந்தால் வியர்த்து ஊறிப் புண்ணாகும். பெல்ட் கட்டும் இடத்தில் வந்தால் உரசிக்கொண்டே இருக்கும். அந்த வழிகாட்டலை எழுதியவர்கள் பெல்ட்டைத்தான் நினைத்தார்கள். நமக்கோ சாரம். சாரத்தின் முடிச்சு எங்கே வருகிறது? கொழுந்து பறிக்கும் அக்காமார் இடுப்பில் படங்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்குகிறார்கள், அது எங்கே வருகிறது? ருகூஉவிலும் ஸுஜூதிலும் வயிறு எங்கே மடிகிறது? இதெல்லாம் வைத்தியருக்கு நாம் சொன்னால்தான் தெரியும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால் குழாய் முடிச்சுக்குக் கீழேதான் வரும். உடல் பருத்தவர்களுக்கு மேல் வயிற்றிலோ நெஞ்சிலோகூட வாயைக் கொண்டுவரும் நீளக் குழாய்கள் இருக்கின்றன.

மிச்சமெல்லாம் சிறு சிறு விஷயங்கள், ஆனால் விட முடியாதவை. முந்தின நாள் மலச்சிக்கல் இல்லாமல் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். வீங்கிய குடல் குழாயை நசுக்கும், தள்ளும். பின்னாளில் தண்ணீர் வடியவில்லை என்றாலும் பல நேரம் முதலில் கொடுப்பது பேதி மருந்துதான், அதிலேயே பலருக்குச் சரியாகிவிடும். சத்திரசிகிச்சைக்கு முதல் சிறுநீர் கழித்துவிட வேண்டும், நிறைந்த சிறுநீர்ப்பையில் குழாய் குத்திவிடக் கூடாது. கிருமிக்கு எதிராக ஒரு ஊசி. வெளி ஓட்டை குழாயின் பருமனுக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது, அங்கே தையலும் போடக் கூடாது. தையல் இருந்தால் கிருமிக்கு ஏணி வைத்துக் கொடுத்தது மாதிரி. குழாயைப் பிளாஸ்டரால் ஒட்டி ஆடாமல் வைக்க வேண்டும். முடிந்தால் இரண்டு கிழமையாவது ஆறவிட்டு அதன் பிறகுதான் தண்ணீர் விடத் தொடங்க வேண்டும். அவசரப்பட்டால் கசியும். புண் ஆறும் வரை கட்டை நாமாக அவிழ்த்துப் பார்க்கக் கூடாது. அயல் வீட்டு ராத்தா கொண்டுவரும் எண்ணெயும் மஞ்சளும் வேண்டவே வேண்டாம். வுழூ, குளிப்பு பற்றிய மஸ்அலாக்களை மௌலவிமாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புண்ணில் கட்டுப் போட்டவருக்கு மார்க்கத்தில் இலகு இருக்கிறது.

'இது ஏழைகளின் தலையில் கட்டும் மலிவான வைத்தியம்' என்றும் ஒரு தம்பி நம்மிடம் சொன்னார். ஹொங்கொங் 1985 முதல் இதைத்தான் முதல் தெரிவாக வைத்திருக்கிறது. ஹொங்கொங் ஏழை நாடா? தாய்லாந்து 2008இல் அரசாங்கக் காப்புறுதியில் இதையே முதலில் வைத்தது, கிராமத்து மக்கள் நகரத்துக்கு அலையாமல் இருப்பதற்காக. பிறகு 2022இல் நோயாளியே தெரிவு செய்யலாம் என்று மாற்றினார்கள். மெஷினும் நல்ல வைத்தியம்தான். வயிற்றில் பல சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும், வீட்டில் கைகொடுக்க ஆள் இல்லாதவர்களுக்கும் அதுவே சரியாக இருக்கலாம். லயத்து வீட்டில் ஒரு காம்பராவில் ஆறு பேர் இருந்தால் கதவைச் சாத்திச் சுத்தமாகத் தண்ணீர் மாற்ற இடம் எங்கே என்ற கேள்வியும் நியாயமானது. அதைக் கிளினிக்கில் ஒளிக்காமல் சொல்லுங்கள். மரப்பலகையால் ஒரு மூலையை மறித்துக் கொடுப்பது ஜமாஅத்துக்கும் தோட்டத்துக்கும் பெரிய செலவு அல்ல. அதைப் பற்றி வரும் வெள்ளிக்கிழமை நிர்வாகத்துடன் பேசப்போகிறோம்.

இதையெல்லாம் போன கிழமை அவருடைய வீட்டில் போயிருந்து, ஒரு கொப்பியில் படம் கீறிக் காட்டிச் சொன்னோம். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. அந்தத் தோட்டத்து மனிதருக்கு எது நடந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தெரியாது என்றோம். தெரிந்த மாதிரிச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். கடைசியில் மகளிடம் கொப்பியை வாங்கி, அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்க நாலு கேள்வி எழுதச் சொன்னார். கொழுப்புத் திரையைப் பார்ப்பீர்களா? தசைக்குள் வைப்பீர்களா? எத்தனை நாள் ஆறவிடுவீர்கள்? நாலாவதை அவரே வாங்கி எழுதினார்: சாரம் கட்டிக்கொண்டு வரவா, களிசான் போட்டுக்கொண்டு வரவா?

கிளினிக் அடுத்த செவ்வாய்க்கிழமை. துஆச் செய்யுங்கள். அன்றைக்குக் கண்டிப் பக்கம் வேன் போகிறவர்கள் யாராவது இருந்தால் நமக்கு ஒரு கோல் எடுங்கள், இரண்டு பேருக்கு இடம் வேண்டும்.